பழைய கிராபிக்ஸ் கார்டை விரட்ட வேண்டுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களில் பலர், பட்ஜெட்டுக்குள் முடிக்க வேண்டும் என்பதற்காகப் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பொருத்திக் கொள்கிறார்கள். சில நாட்களில் புதிய கேம் ஒன்று திணறித் திணறி ஓடும். உடனே நண்பர் ஒருவர், "ஓவர்கிளாக் செய்து விடு, பறக்கும்" என்று சொல்லித் தருவார். இலவச சாப்ட்வேர், இரண்டு ஸ்லைடர்கள், ஐந்து நிமிட வேலை. செலவில்லாமல் வேகம் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

ஆனால் என்னைக் கேட்டால், பழைய கார்டுக்கு ஓவர்கிளாக் என்பது கடைசியாகச் செய்ய வேண்டிய வைத்தியம்.

தயாரிப்பாளர் நிர்ணயித்த வேகத்தை விடக் கூடுதல் வேகத்தில் சிப்பை இயக்குவதைத்தான் ஓவர்கிளாக் என்கிறோம். இதற்குப் பெயர் வாங்கித் தந்தவற்றில் முக்கியமானது, 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ பிராசசர். இதன் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகா ஹெர்ட்ஸாக மாற்றினால், 300 மெகா ஹெர்ட்ஸ் பிராசசர் 450-ல் ஓடியது. கையில் காசு வைக்காமல் 50 சதவீதம் லாபம்!

இன்றைய கார்டுகளின் கதை வேறு. 2016-ல் வந்த என்விடியா ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ கார்டை எடுத்துக் கொள்வோம். இதன் அடிப்படை வேகம் 1290 மெகா ஹெர்ட்ஸ். பூஸ்ட் வேகம் 1392. வெப்பம் குறைவாகவும் மின்சாரம் போதுமானதாகவும் இருந்தால், இது தானாகவே 1392-ஐத் தாண்டி ஓடும். அதாவது, ஓவர்கிளாக் வேலையில் பெரும் பகுதியைக் கார்டே செய்து விடுகிறது. நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம்தான். விநாடிக்கு 40 பிரேம் காட்டும் கேம் 44 காட்டும். திணறல் அப்படியேதான் இருக்கும்.

இதற்குத் தரும் விலையைப் பாருங்கள். சிப் செலவழிக்கும் மின்சாரம் வேகத்தோடு மட்டும் கூடுவதில்லை; வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடுகிறது. வேகம், வோல்டேஜ் இரண்டையும் 10 சதவீதம் ஏற்றினால், மின்செலவு சுமார் 33 சதவீதம் ஏறும். அத்தனையும் வெப்பமாக வெளியே வர வேண்டும். நம் ஊர் மே மாதத்தில், ஏ.சி. இல்லாத அறையில் அந்த வெப்பம் எங்கே போகும்? மேலும் 1050 டிஐ மாடல்கள் பலவற்றுக்குத் தனி மின் இணைப்பு கிடையாது. மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்ஸ்தான் எல்லை. அந்த எல்லையைத் தொட்டால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும்.

ஸ்லைடரை நகர்த்தியதால் மட்டும் கார்டு உடனே எரிந்து விடாது, அது அரிது. எனக்குக் கவலை, அதைச் சுற்றியுள்ள பொருட்களைப் பற்றி. காய்ந்து போன தெர்மல் பேஸ்ட், தேய்ந்த ஃபேன், மலிவான எஸ்.எம்.பி.எஸ். இவற்றின் மேல் கூடுதல் சுமை ஏற்றுகிறோம். பல வீடுகளில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதில்தான் அக்காவின் புராஜெக்டும் அப்பாவின் கணக்கும் இருக்கின்றன. நிலையில்லாத வேகத்தால் சிஸ்டம் ஹேங் ஆனால், சேவ் செய்யாத வேலையும் சேர்ந்தே போகும். வாரண்டி முடிந்த கார்டு போனால் செலவு முழுவதும் நம் தலையில்தான்.

எனவே, முதலில் இவற்றைச் செய்யுங்கள்:

ஒன்று. கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜி.பி.யு. பயன்பாட்டைப் பாருங்கள். 95 சதவீதத்தைத் தொடாமல் 60, 70-லேயே நின்றால், பெரும்பாலும் தடை பிராசசரில்தான் இருக்கும். கார்டை ஓவர்கிளாக் செய்து பயனில்லை. கார்டின் மெமரி நிறைந்திருந்தாலும் அப்படித்தான். டெக்ஸ்ச்சர் அளவைக் குறைப்பதே வழி.

இரண்டு. கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, பிளக்கை எடுத்து விட்டு, புளோயரால் தூசியை அகற்றுங்கள். காற்றில் ஃபேன் வேகமாகச் சுழலாதபடி விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். பல வருடம் ஆன கார்டு என்றால், விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துத் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். வெப்பம் இறங்கினால், கார்டின் பூஸ்ட் தானாகவே மேலே ஏறும்.

மூன்று. ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். 1920 x 1080 என்பது 20,73,600 புள்ளிகள். 1600 x 900 என்பது 14,40,000 புள்ளிகள். வரைய வேண்டியதில் 30 சதவீதம் குறைகிறது. எந்த ஓவர்கிளாக்கும் பழைய கார்டுக்கு இவ்வளவு இளைப்பாறல் தராது. நிழல்களின் தரத்தைக் குறைத்தாலும் நல்ல பலன் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஆசை இருந்தால், தாராளமாக ஓவர்கிளாக் செய்து பாருங்கள். கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக் கொள்ள இது நல்ல வழி. அந்த ஆர்வத்தை நான் தடுக்க மாட்டேன். எம்.எஸ்.ஐ. ஆப்டர்பர்னர் போன்ற சாப்ட்வேரில் கோர் வேகத்தை 25 மெகா ஹெர்ட்ஸாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் விளையாடிப் பாருங்கள். திரையில் வண்ணப் புள்ளிகள், கோடுகள் தோன்றினாலோ, கேம் மூடிக் கொண்டாலோ, 50 மெகா ஹெர்ட்ஸ் பின்வாங்குங்கள். வோல்டேஜைத் தொட வேண்டாம். விண்டோஸ் தொடங்கும்போதே இந்த வேகம் அமலாகும்படி செய்யும் ஆப்ஷனை ஒரு வாரமாவது தேர்ந்தெடுக்காதீர்கள். அப்போதுதான், சிக்கல் வந்தால் ரீஸ்டார்ட் செய்தவுடன் கார்டு பழைய வேகத்துக்குத் திரும்பும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 1050 டிஐ இடம்பெற்ற பாஸ்கல் வரிசை கார்டுகளுக்கு, புதிய கேம்களுக்கான டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நிறுத்தப்படும் என்றும், பாதுகாப்பு அப்டேட்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்றும் என்விடியா 2025-ல் அறிவித்தது. புதிய கேம்களைத் துரத்த இந்தக் கார்டால் முடியாது. ஆனால் அது நன்றாக ஓட்டக் கூடிய பழைய கேம்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றை விளையாடிக் கொண்டே அடுத்த கார்டுக்குப் பணம் சேர்த்து வாருங்கள். அதுவரை கார்டைக் குளிர்ச்சியாக வைத்துக் கொண்டால் போதும்.