குன்றிமணியும் குண்டும்

பாளையம்பட்டியிலிருந்து அன்பர் ஒருவர் கேட்கிறார்: "அயல்நாடுகளில் யானைக்கும் காட்டெருமைக்கும் வேண்டிய தோட்டாக்களை வேட்டைக்காரர்கள் வீட்டிலேயே தயாரித்துக் கொள்கிறார்களாம். எங்கள் மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் துவம்சம் செய்துவிட்டுப் போகின்றன. பட்டாசுக்குப் பேர் போன சிவகாசியோ பக்கத்தில் இருக்கிறது. நாங்களும் ஏன் அப்படிச் செய்துகொள்ளக் கூடாது?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆகவே பதிலையும் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ரைபிள் தோட்டாவுக்கு நான்கு உறுப்புக்கள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்ட பின்பு கூடு மட்டும் மிஞ்சும். அதைத் துடைத்து, பழைய வடிவுக்குக் கொண்டு வந்து, புதுக் கேப்பு வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்தினால் தோட்டா மறுபிறவி எடுத்துவிடுகிறது. இதில் செலவு குறைகிறது. இன்னொரு காரணமும் உண்டு. பெருவிலங்கு வேட்டைத் தோட்டாக்களுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்துக் கைனாக் கம்பெனி, 1970-ஐ ஒட்டி அவற்றின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பாட்டனார் வைத்துப்போன அருமையான துப்பாக்கி இருந்தது. போடத்தான் தோட்டா இல்லை. பலர் கைத்தோட்டாவில் இறங்கியது அதனால்தான்.

ஆனால் அந்த வேலையின் உயிர் நிறுப்பதில் இருக்கிறது. மருந்தை அளக்கும் நிறைக்குக் 'கிரெயின்' என்று பெயர். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். நம் தட்டார்கள் பொன் நிறுக்கும் குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி! தட்டாரின் தராசு குன்றிமணி அளவு தவறினால் போவது பொன். இங்கே தவறினால் கண்ணும் கையும் போகும்.

வெயிலும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. 1889-இல் ஏபெல், டீவர் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த 'கார்டைட்' என்னும் புகையற்ற மருந்து, சூடு ஏற ஏற அதிக வேகம் கொள்வது. குளிர்ந்த இங்கிலாந்தில் சாதுவாக இருக்கும் தோட்டா, நம் நாட்டு வெயிலில் துப்பாக்கியின் தாங்கும் சக்தியையே சோதித்துவிடும். அதனால் உஷ்ண தேசங்களுக்கென்று மருந்தைக் குறைத்துத் தனித் தோட்டாக்கள் செய்தார்கள். நம் மாகாணத்தில் கார்டைட் செய்ய 1903-இல் தொழிற்சாலை ஏற்பட்டதும் குளிர்ந்த நீலகிரியின் அருவங்காட்டில்தான். சித்திரை வெயிலில் கரிசல் மண் பாளம் பாளமாய் வெடிக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில், ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்யக் கூடிய காரியமா இது?

இந்தச் சீமைக்குத் துப்பாக்கி புதிதன்று. குழல் வாயில் கரிமருந்தைக் கொட்டி, சக்கை வைத்து, இருப்புக்கோலால் கெட்டித்துச் சுடும் வித்தையை நம் முன்னோர் அறிவார்கள். பாளையக்காரர்களை அடக்கிய பின், 1801 டிசம்பரில் எட்வர்டு கிளைவ் பிரபு ஒரு பிரகடனத்தால் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தார். 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் வெள்ளையருக்கு விலக்களித்து, இந்தியரை லைசென்ஸுக்குக் கைகட்டி நிற்க வைத்தது. ஒழுங்குகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையை 1931-இல் கராச்சிக் காங்கிரஸ் கோரியது இந்த அவமானத்தை நினைத்துத்தான். சுதந்திர இந்தியாவின் 1959-ஆம் வருஷத்துச் சட்டம், பயிர்க்காவலுக்காக நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் பெற இடம் தருகிறது. ஆனால் அதே சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது கடுங்குற்றம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டமோ, உத்தரவின்றிப் பன்றியைச் சுடுவதையும் தடுக்கிறது.

துப்பாக்கி இல்லாத இடங்களில் சிலர் 'அவுட்டுக்காய்' வைக்கிறார்கள். தீனிக்குள் வெடியைப் பொதிந்து வைத்தால், கடித்த பிராணியின் வாய் சிதறும். அது பன்றியா, பசுவா, குழந்தையின் கையா என்று வெடிக்குத் தெரியுமா? 2020-இல் பாலக்காட்டுப் பக்கம் சினை யானையொன்று இத்தகைய வெடியைக் கடித்து, வாய் புண்ணாகி, ஆற்றில் நின்றபடியே உயிர் விட்டதை நாடு மறக்கவில்லை. குறி பார்த்துச் சுடுகிறவனுக்காவது தான் எதைச் சுடுகிறோம் என்று தெரியும். அவுட்டுக்காய் வைக்கிறவனுக்கு அதுவும் தெரியாது.

ஆகவே அன்பருக்கு நாம் சொல்வது இதுதான்: மருந்தைத் தொட வேண்டாம், மனுவை எழுதுங்கள். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை, பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடலாம் என்று தமிழ்நாட்டு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. மலையை விட்டு வெகுதூரம் விலகிய கரிசல் குடியானவர்கள் அந்த அறிவிப்பைத் தைரியமாகச் சுட்டிக் காட்டலாம். ஊராகச் சேர்ந்து கேட்டால் பலன் இன்னும் அதிகம்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. குடியானவனைத் துப்பாக்கி எடுக்காதே என்று தடுக்கிறவர்கள், அவனுடைய வயலுக்குத் தாங்கள் காவல் நிற்கக் கடமைப்பட்டவர்கள். கதிர் முற்றும் வரையில் பன்றி காத்திராது. உத்தரவு மட்டும் அறுவடைக்குப் பின் வந்து சேர்ந்தால் யாருக்கு என்ன லாபம்?