விடுதலைக்குப் பின்னும் சிறையா?

திருவரங்கத்துக்கு அயல்நாட்டார் பலர் வருகின்றனர்; கோபுரங்களைக் கண்டு வியக்கின்றனர்; விரும்பியபோது திரும்புகின்றனர். காவிரியின் தென்கரையில், திருச்சிராப்பள்ளி நடுவண் சிறை வளாகத்துள், அயல்நாட்டார் என்னும் அதே பெயரால் ஈழத்தமிழர் அடைத்துவைக்கப்பட்டு வந்துள்ளனர். அவ்விடத்துக்கு அரசு இட்ட பெயர் ‘சிறப்பு முகாம்’. முகாம் என்பது தங்கிச் செல்லும் இடம். செல்லவொட்டாது தடுக்குமிடம் எங்ஙனம் முகாமாகும்? அதில் என்ன சிறப்பு? சிறையைச் சிறையென்று சொல்ல நாணும் அரசு, சொல்லை மாற்றிப் பொருளை மறைக்கின்றது.

2022 நவம்பர் 11 அன்று, இராசீவ் கொலைவழக்கில் அறுவரை உச்ச நயன்மன்றம் விடுதலை செய்தது. தீர்ப்பு ஒன்றே, நாளும் ஒன்றே. ஆயினும், இந்தியக் குடியினராகிய நளினியும் இரவிச்சந்திரனும் வீடு சென்றனர். ஈழத்தவராகிய முருகன், சாந்தன், இராபர்ட் பயாசு, செயக்குமார் ஆகிய நால்வரும் திருச்சிராப்பள்ளி முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். முப்பத்தோராண்டுச் சிறைக்குப் பின் கிடைத்த விடுதலை, ஒரு சிறையினின்று மற்றொரு சிறைக்கு இடமாற்றமாயிற்று!

தாயைக் காணத் தாய்மண் செல்ல வேண்டுமென்று சாந்தன் இரந்து நின்றார். 2024 பிப்பிரவரியில் இசைவு வந்தது. அதற்குள் கல்லீரல் நோய் முற்றியிருந்தது. பிப்பிரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் உயிர்நீத்தார். தாய் கண்டது மகனின் உடலையே. மற்றை மூவரும் ஏப்பிரல் 3 அன்று கொழும்புக்கு அனுப்பப்பட்டனர். ஒருவர் இறந்தபின் 35 நாள்களில் முடிந்த வேலை, அவர் உயிரோடிருந்த 15 திங்களில் ஏன் முடியவில்லை?

பயண ஆவணத்தை இலங்கையன்றோ தரவேண்டும் என்பர். நன்று. இவ்விரு நாடுகளும் முகமறியாதனவா? குற்ற வழக்குகளில் ஒன்றற்கொன்று சட்டத்துணை செய்யவும், ஒறுப்புப் பெற்ற சிறையாளிகளைத் தத்தம் நாட்டுக்கு மாற்றிக்கொள்ளவும் 2010 சூனில் தில்லியில் உடன்படிக்கைகள் செய்துகொண்டவையல்லவா? ஒறுப்புப் பெற்றவன் நாடு திரும்ப ஓர் உடன்படிக்கை உண்டு; ஒறுப்பு நீங்கியவனுக்கோ முள்வேலி! இஃது எந்நாட்டு அறம்?

கொழும்பில் ஆட்சி மாறியது கரணியமாகுமா? மக்கள் எழுச்சிக்கு அஞ்சி 2022 சூலையில் நாட்டைவிட்டு ஓடிய கோத்தபய இராசபக்ச, அவ்வாண்டு செப்டம்பரிலேயே பாதுகாப்புடன் திரும்பினார். ஆள்வோர்க்கு வழி திறந்தது, ஆளப்படுவோர்க்கே அடைத்தது. திருச்சிராப்பள்ளிச் சிறைக்கு அணித்தேயுள்ள வானூர்தி நிலையத்திலிருந்து கொழும்பு ஒரு மணி நேரத் தொலைவே என்பதை எண்ணுக!

அயலாரை ஓரிடத்தில் இருத்தும் அதிகாரம் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தினின்று வந்தது. அதனை நீக்கி 2025இல் புதுச்சட்டம் கொணர்ந்தோர், அவ்வதிகாரத்தை மட்டும் நீக்கவில்லை. தில்லி ஆணையைக் காட்டித் தமிழக அரசும் தப்ப இயலாது. பூட்டும் திறவும் அதன் கையிலேயே இருந்தன.

வேண்டுவன மூன்று. ஒறுப்புக்காலம் முடியுமுன்னரே பயண ஆவணம் அணியமாதல் வேண்டும். திரும்ப அஞ்சுவோர் உறவினரோடு வெளியில் வாழ விடப்படுதல் வேண்டும். குற்றச்சாட்டு இருப்பின் மன்றத்தில் மெய்ப்பிக்க. இல்லையேல் கதவைத் திறக்க. சாந்தனுக்குக் காலங்கடந்தது. இனி ஒரு தாயும் மகனின் உடலுக்காகக் காத்திருத்தல் கூடாது. தமிழர்களே, வாய் திறவுங்கள்!