கதாநாயகியின் இருமல்

நான் இதுவரை இரண்டு கதாநாயகிகளைக் க்ஷயரோகத்தால் கொன்றிருக்கிறேன். மூன்றாவது ஒருத்தியையும் அப்படியே தீர்த்துவிடுவதாக இருந்தேன். கதைக்காரனுக்கு அந்த வியாதியில் அத்தனை சௌகரியம்! கைக்குட்டையில் ஒரு துளி இரத்தத்தைக் காட்டினால் போதும். அடுத்த வாரம் வரை வாசகர்களுக்குத் தூக்கம் வராது. கைகூடாத காதலால் வந்த நோய் என்று சொல்லிவிட்டால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அவள் மத்தியானம் என்ன சாப்பிட்டாள் என்று ஒரு வாசகராவது எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆராய்ச்சி நடந்தது. முடிவு 2023-ல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்தது. காசநோயாளிகள் 2,800 பேர். அவர்களோடு ஒரே வீட்டில் வசித்தவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். நோயாளிகள் எல்லோருக்கும் மருந்தோடு உணவுப் பொருளும் கொடுத்தார்கள். வீட்டாரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே வைட்டமின் மாத்திரை. அவ்வளவுதான் வைத்தியம். அந்த வீடுகளில் புதிதாகக் காசம் கண்டவர்கள், மற்ற வீடுகளைவிட நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது குறைவு. கிருமி கண்டு உறுதியான நுரையீரல் காசமோ கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது.

"ஐயா, இது கிருமியால் வரும் நோய். 1882-லேயே கோக் கண்டுபிடித்தாயிற்று. அரிசி பருப்பு எங்கே வந்தது?" என்பார் ஒரு நண்பர். வாஸ்தவம். ஆனால் அந்தக் கிருமி நம்மில் கோடிக்கணக்கானவர்கள் உடம்பில் சத்தம் போடாமல் படுத்திருக்கிறது. பெரும்பாலோருக்கு அது எழுந்திருப்பதே இல்லை. உடம்பு வற்றினால் எழுந்துவிடுகிறது.

இன்னொருவர், கொஞ்சம் விஷயம் தெரிந்தவர், நம் சென்னை ஆராய்ச்சியையே எடுத்துக் காட்டுவார். 1956-ல் தொடங்கி, 193 நோயாளிகளில் ஒரு பாதியைத் தாம்பரம் சானடோரியத்தில் வைத்தும், மறு பாதியை வீட்டிலேயே விட்டும் மருந்து கொடுத்தார்கள். அங்கே நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. இங்கே குடிசையும் கஞ்சியும். ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரேவிதமாகக் குணமடைந்தார்கள். 1959-ல் வெளிவந்த அந்த முடிவு உலகத்து வைத்தியத்தையே மாற்றியது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அது சொன்னது, மருந்து சாப்பிட்டால் ஏழை வீட்டிலும் நோய் தீரும் என்பது. வராமல் இருக்க என்ன வேண்டும் என்பது வேறு கேள்வி அல்லவா? முதல் கேள்விக்கு வந்த பதிலை வைத்துக்கொண்டு இரண்டாவதை நாம் சௌகரியமாக மறந்துவிட்டோம்.

நானும் மறந்தவன்தான். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாளுக்கு ஓர் ஐப்பசியில் இருமல் கண்டது. காசம் என்று தெரிந்ததும் அந்த மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, "குணமானதும் வாருங்கள், அம்மா" என்று மரியாதையாக அனுப்பிவைத்தோம். அப்போது நான் மாடியறையில் இரண்டாவது கதாநாயகியைச் சாக அடித்துக்கொண்டிருந்தேன். மருந்து அவருக்கு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைத்தது. சம்பளந்தான் நின்றுபோயிற்று. சித்திரையில் அவருடைய மூத்த பெண் இருமத் தொடங்கினாள். கிருமியைக் கொடுத்தது தாயாராக இருக்கலாம். பட்டினியைக் கொடுத்தது யார்?

சர்க்கார் சும்மா இருக்கிறது என்று சொல்லமாட்டேன். 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் வந்தது. 2024 நவம்பரில் அது ஆயிரமாயிற்று. வீட்டாருக்கோ, யாராவது புண்ணியவான் மனம் வைத்தால் பொட்டலம் உண்டு. மாத்திரைக்கு மட்டும் புண்ணியவானைத் தேடவில்லையே! பருப்புக்கு எதற்கு?

நம் ஊரில் தெருவுக்குத் தெரு ரேஷன் கடை இருக்கிறது. அரிசி இலவசம். துவரம்பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு ஜார்க்கண்டில் அளந்தது ஏழரைக் கிலோ. கடை தயார், தராசு தயார், நோயாளியின் பெயர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் தயார். மிச்சம் ஆறரைக் கிலோவை எப்போது அளக்கப்போகிறார்கள்?