மன்னிப்புக் கேட்டால்தான் திரையா?

பெங்களூருவின் நீலசந்திராவில் ஒரே சந்துக்குள் தமிழும் உருதும் கன்னடமும் புழங்குகின்றன. இப்படிப்பட்ட பேட்டையில் குடியிருப்பவர்களுக்கு, யார் பேச்சுக்கு யார் கை ஓங்கும் என்பது அன்றாடக் கவலை. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும் பெங்களூருத் தமிழர்கள் பட்ட பாட்டைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அந்த நினைவோடுதான் கமல்ஹாசனின் ‘தக் லைஃப்’ திரைப்பட விவகாரத்தில் நம் தீர்ப்பைச் சொல்கிறோம்.

2025 மே மாதம் சென்னையில் நடந்த அந்தப் பட விழாவில், விருந்தினராக வந்திருந்த கன்னட நடிகர் சிவராஜ்குமாரைப் பாசத்தோடு குறிப்பிட்டுப் பேசிய கமல்ஹாசன், கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்றார். அது தவறான கருத்து. இரண்டு மொழிகளும் ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதே மொழியியலாளர்களின் முடிவு. ஐந்தாம் நூற்றாண்டின் ஹல்மிடி கல்வெட்டைப் பெற்ற மொழிக்காரர்கள் வருந்தியதில் நியாயம் உண்டு. அவர்கள் மறுத்து எழுதலாம், படத்தைப் புறக்கணிக்கலாம், கொடி பிடித்து ஊர்வலம் போகலாம். நமக்கு எவ்வளவு கசந்தாலும் இவ்வளவையும் நாம் பொறுத்தே ஆக வேண்டும்.

நடந்ததோ வேறு. மன்னிப்புக் கேட்காவிட்டால் படம் வெளிவராது என்று கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை அறிவித்தது. மாநில அமைச்சர் ஒருவரே தடை கேட்டார். பாதுகாப்புத் தேடி உயர் நீதிமன்றம் போனவர்களிடம், மன்னிப்புக் கேட்டால் என்ன என்று அங்கேயும் கேட்கப்பட்டது. ஜூன் 5 அன்று மற்ற மாநிலங்களில் வெளியான படம் இங்கே வரவில்லை. திரையரங்குகளைக் கொளுத்துவோம் என்ற மிரட்டல் குறித்து உச்ச நீதிமன்றம் வரை முறையிடப்பட்டது. தெருக்களைக் கும்பல்களிடம் விட முடியாது, மன்னிப்புக் கேட்கச் சொல்வது உயர் நீதிமன்றத்தின் வேலையன்று என்று ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அதன் பிறகே மாநில அரசு பாதுகாப்புக்கு உறுதி கொடுத்தது.

மிரட்டியவர்கள் செய்தது குற்றம். காவல் காக்க வேண்டிய அரசு வேடிக்கை பார்த்தது அதைவிடப் பெரிய குற்றம். பிழையான கருத்தையும் புண்படுத்தும் கருத்தையும் சமூகம் தாங்கிக்கொள்ளலாம். ‘கொளுத்துவேன்’ என்பதைக் கருத்தின் கணக்கில் சேர்க்கவே கூடாது; சகிப்பு அங்கே நின்றுவிட வேண்டும். மனம் புண்படுவதையே எல்லைக்கோடாக வைத்தால், எண்ணிக்கையில் பெருத்தவர்களின் புண் மட்டுமே அரசின் கண்ணுக்குத் தெரியும். இந்த ஊரில் தமிழர்களும் முஸ்லிம்களும், சென்னையில் கன்னடர்களும் நாதியற்றுப் போவார்கள்.

இதைச் சொல்லும் தகுதி நமக்கு வர வேண்டுமானால் நம் பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். 2016 செப்டம்பரில், முகநூலில் கன்னட நடிகர்களைக் கேலி செய்ததற்காக ஒரு தமிழ் இளைஞரை இங்கே அடித்து மண்டியிட வைத்தார்கள். கொடுமை. அடுத்த சில நாளில் சென்னையில் கன்னடருக்குச் சொந்தமான நியூ உட்லண்ட்ஸ் ஓட்டல் மீது பெட்ரோல் குண்டு வீசியது எந்த வீரம்? அதே நாளில் பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் வரிசையாக எரிந்தன. எரித்தவர்களை எதுவும் நியாயப்படுத்தாது. ஆனால் அவர்களுக்குச் சாக்கு எடுத்துக் கொடுத்தவர்கள் தமிழின் பெயரில்தான் கிளம்பினார்கள்.

எழுத்தாளர் பெருமாள்முருகனை மறந்துவிட முடியுமா? ‘மாதொருபாகன்’ நாவலுக்காக 2015 ஜனவரியில் நாமக்கல் மாவட்ட அதிகாரிகள் ‘அமைதிப் பேச்சு’ நடத்தி அவரிடமிருந்து வாங்கியதும் மன்னிப்புதான். தமிழன் தமிழனிடம் வாங்கியது. தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். அவருக்கு ஆதரவாகச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2016 ஜூலை ஆயிற்று. அதுவரை ஒரு படைப்பாளியின் பேனா மூடிக் கிடந்தது.

திரையரங்கைக் கொளுத்துவோம் என்றவர்கள் யாராக இருந்தாலும் கர்நாடக அரசு அவர்கள் மீது வழக்கை விடாமல் நடத்தித் தண்டனை வாங்கித் தர வேண்டும். சென்னையிலோ நாமக்கல்லிலோ இதே மிரட்டல் தமிழில் எழும்போது, பெங்களூருவின் தமிழ் அமைப்புகள் மற்றவர்களுக்கு முன்பாக எழுந்து அதைக் கண்டிக்க வேண்டும்.