கட்டுமுன் கணிக்கவேண்டிய உஷ்ணம்

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆவணியின் நடுப்பகுதிக்கு முன்னரும், ஆண்டுக்கு இருமுறை, சூரியன் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நேர் உச்சியில் வந்து நிற்கிறது என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிந்த விஷயமாயிருக்க, கீரிமலையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் எழும்பும் புதிய வீடுகளின் வரைபடங்களில் மாத்திரம் அந்தச் சூரியனைக் காணோம் என்பதே என் முறைப்பாடு. 1990இல் இடம்பெயர்ந்து, உயர் பாதுகாப்பு வலயமாய்க் கிடந்த காணிகளுக்குப் பகுதி பகுதியாகத் திரும்பிய சனங்கள் அத்திவாரத்திலிருந்து கட்டுகிறார்களாதலால், ஓர் ஊரே ஏககாலத்தில் எழுகின்ற அபூர்வமான சந்தர்ப்பம் இது.

2016இல் வடக்குக் கிழக்கில் 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை ஆர்சலர்மிட்டல் நிறுவனத்தைக் கொண்டு அமைக்க அரசாங்கம் முனைந்தபோது, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் உட்படப் பலர் ஆட்சேபித்தனர். காற்றோட்டக் குறைவும் அவ்வாட்சேபங்களுள் ஒன்று. திட்டம் நினைத்தபடி நிறைவேறவில்லை. ஆயினும், இரும்பு வீட்டை நிராகரித்த நாம், கல்வீடு என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் உஷ்ணத்தைப் பற்றிய கேள்வியையே மறந்துவிட்டோம். உச்சி வெயிலை வாங்குவது சுவரன்று, கூரையே. சீலிங் இல்லாத சீற்றுக் கூரை நண்பகலில் தகிக்கும். கொங்கிறீற்றுத் தட்டோ பகலெல்லாம் வெப்பத்தை உள்ளே சேமித்து, மனிதன் பாயை விரிக்கும் வேளையில் அதைச் சாவதானமாக வெளிவிடும். நடுவே முற்றம் வைத்த நாற்சார் வீட்டைத் திரும்பக் கட்டுங்கள் என்று உபதேசிக்க எனக்கு மனமில்லை; அந்த முற்றத்துக்கு வேண்டிய நிலம் இரண்டு பரப்புக் காணிக்காரனிடம் ஏது?

இங்கிலாந்தில் 2022 ஜூன் முதல், புதிய வீடு அதிகமாகச் சூடேறுமா என்பதைக் கட்டுமுன்னரே நிரூபிக்கவேண்டும். விரிவான கணிப்பு முறையில், படுக்கையறை இரவு பத்து மணிமுதல் காலை ஏழு மணிவரை 26 பாகையைத் தாண்டும் நேரம், ஆண்டின் அவ்விரவு மணிகளில் நூற்றுக்கு ஒன்றை மிஞ்சலாகாது. அந்த அளவுகோலை இங்கே வைத்தால் குடாநாட்டில் ஒரு வீடும் தேறாது! ஈரப்பதத்தையும் மின்விசிறியையும் கடற்காற்றையும் கணக்கிலெடுத்த நமக்குரிய அளவொன்று வேண்டும். இந்தியா 2018இல் வெளியிட்ட குடியிருப்புக் கட்டட நெறிமுறை, வெப்பம் மிகுந்த பிரதேசங்களில் கூரை நீங்கலான சுவர், யன்னல் வழியே உட்புகும் வெப்பத்துக்குச் சதுர மீற்றருக்கு 15 வாட் என்று எல்லை வகுத்து, கூரைக்குத் தனி நியமமும் வைத்திருக்கிறது. ஒரு தாளில் முடியும் இத்தகைய கணக்கை, பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரொருவர் சிறிது பயிற்சியோடு சரிபார்த்துவிடலாம்.

கண்ணாடி முகப்போடு எழும்பும் கடைகளுக்கு இக்கணக்கு பின்னும் அவசியம். மேற்குப் பார்த்த கண்ணாடியின் வெப்பத்தை ஏ.சி. வைத்து வெல்லலாம் என்று நம்பும் முதலாளி, அந்த நம்பிக்கைக்கு மாதந்தோறும் மின்சாரக் கட்டணம் செலுத்துகிறார். அது அவர் பணம். ஆனால் அரசாங்கத்தின் உதவிப் பணத்தில் எழும் வீட்டுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த வீட்டுத் திட்டத்தின் கேள்விப்பத்திர நிபந்தனைகளிலேயே கூரைக்கு வெப்பத்தடுப்பும், எதிரெதிரே யன்னல்களும், மேற்குச் சுவருக்கு நிழலும் எழுதப்படட்டும்.