ஆண்களுக்கு 32 ஆண்டு, பெண்களுக்கு 7 ஆண்டா?

மெல்பர்ன் நகரின் காலிங்வுட் கிளப், ஆண்கள் கால்பந்தில் 1958இல் பட்டம் வென்றது. ஆஸ்திரேலியப் பாணிக் கால்பந்து அது. அடுத்த பட்டம் கைக்கு வந்தது 1990இல். இடைப்பட்ட 32 ஆண்டுகளில் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றுத் திரும்பிய ஆண்டுகளே பல. ஆனாலும் அணி கலைக்கப்படவில்லை. பொறுத்தார்கள், காத்திருந்தார்கள், மறுபடி ஆடினார்கள். அதே கிளப், 2017இல் களமிறக்கிய பெண்கள் நெட்பால் (வலைப்பந்தாட்ட) அணியை 2023 பருவத்தோடு மூடிவிட்டது. ஏழே பருவங்கள்! இந்த ஓரவஞ்சனையை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

எப்படித் தொடங்கிய அணி அது? ஆஸ்திரேலியாவில் சூப்பர் நெட்பால் என்ற புதிய தொழில்முறைப் போட்டி பிறந்தபோது, கால்பந்துப் பணத்தின் பலத்தோடு உள்ளே வந்த கிளப்களில் காலிங்வுட் ஒன்று. ஷார்னி லேட்டன், கிம் ரவேலியன், கெய்ட்லின் த்வெயிட்ஸ் என்று, 2015இல் உலகக் கோப்பை வென்ற ஆஸ்திரேலிய அணியின் வீராங்கனைகளையே முதல் ஆண்டில் சேர்த்துக்கொண்டது. கறுப்பு வெள்ளைப் பட்டைச் சீருடை, மேக்பைஸ் என்ற பெயர் எல்லாம் கால்பந்து அணியுடையவையே. முதல் பருவத்திலேயே முதல் நான்கு இடங்களுக்குள் வந்தார்கள். 2019இல், காமன்வெல்த் தங்கம் வென்ற இங்கிலாந்து வீராங்கனை ஜீவா மென்டர் வந்து சேர்ந்தார். ஆஷ் பிராசில் நெட்பாலும் ஆடினார். அதே கிளப்பின் பெண்கள் கால்பந்து அணியிலும் ஆடினார். ஒரே கிளப்புக்காக இரண்டு ஆட்டங்களில் உடம்பை வருத்திக்கொண்டவருக்கு, அவற்றில் ஒன்று இனி இல்லை என்று சொல்லப்பட்டது.

மேக்பைஸ் ஒருமுறைகூட இறுதி ஆட்டத்துக்குப் போகவில்லை என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஏழு பருவம் கோப்பை இல்லாதது குற்றம் என்றால், 32 ஆண்டு கோப்பை இல்லாததற்கு என்ன பெயர்? நெட்பாலில் வருமானம் குறைவு, செலவு அதிகம் என்பார்கள். உள்ளே வந்த நாளிலேயே தெரிந்த கணக்குதானே அது? லாபம் வராத ஆண்டுகளைத் தாங்கத்தான் பெரிய கிளப்பின் பணமும் பெயரும் தேவைப்பட்டன.  தாங்க வேண்டிய நேரத்தில் கையை உதறிவிட்டுப் போவதை நிர்வாகம் என்று ஏற்க மாட்டோம்.

முடிவு வந்த நேரம் இன்னும் கொடுமை. பருவம் நடந்துகொண்டிருந்தபோதே செய்தி வந்துவிட்டது. நெட்பாலில் ஆடுபவரின் நெஞ்சிலும் முதுகிலும் அவர் நிற்கும் இடத்தைக் காட்டும் எழுத்து இருக்கும். உரித்து ஒட்டக்கூடிய பட்டை அது. இடம் மாறினால் எழுத்தும் மாறும். ஆட்டத்துக்கு நடுவே ஓய்வு நேரத்தில் அதைப் பிய்த்து இன்னொருத்தி தன் சட்டையில் ஒட்டிக்கொள்வாள். அணி இல்லாமல் போகும் என்று தெரிந்த பிறகும் அந்தப் பெண்கள் வாராவாரம் எழுத்தை ஒட்டிக்கொண்டு களத்தில் நின்றார்கள். வாடகை, அடுத்த ஒப்பந்தம், அடுத்த ஊர் என்ற கவலைகளைத் தலையில் சுமந்துகொண்டுதான் பந்தைப் பிடித்தார்கள். மூன்று நொடிக்குள் பந்தைக் கைமாற்ற வேண்டிய ஆட்டத்தில் கவனம் எங்கே நிற்கும்?

அதே 2023 செப்டம்பர் 30ஆம் தேதி, காலிங்வுட் ஆண்கள் அணி பிரிஸ்பேன் லயன்ஸை 4 புள்ளி வித்தியாசத்தில் வென்று கோப்பையைத் தூக்கியது. மைதானத்தில் லட்சம் பேர். அந்த வெற்றியை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கிளப் செழித்திருந்த ஆண்டில்தான் பெண்கள் அணி கைவிடப்பட்டது என்பதை வரலாறு குறித்துக்கொள்ளும்.

மெல்பர்ன் இதற்கு முன்பும் இழந்திருக்கிறது. ஐந்து முறை தேசியப் பட்டம் வென்ற மெல்பர்ன் ஃபீனிக்ஸ் அணியும், கெஸ்ட்ரல்ஸ் அணியும் 2007க்குப் பிறகு ஒன்றாக்கப்பட்டு விக்ஸன்ஸ் ஆயின. இப்போது மேக்பைஸ். 2024இல் மேவரிக்ஸ் என்ற புதிய அணி அந்த இடத்தை நிரப்பியது. வேலை வாய்ப்பு காப்பாற்றப்பட்டதில் மகிழ்ச்சிதான். ஆனால் உரிமையாளர் மாறும்போதெல்லாம் பெயர், நிறம், ரசிகர் எல்லாவற்றையும் பெண்கள் விளையாட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இலங்கை நெட்பால் அணிக்காக உலகக் கோப்பைகளில் கோல் குவித்த தர்ஜினி சிவலிங்கமும் மெல்பர்னின் மாநில லீகில் ஆடியவர்தான். மாநில லீகிலிருந்து சூப்பர் நெட்பாலுக்கு ஏறும் அந்த ஏணியின் மேல்படி ஆட்டம் கண்டால், எங்கிருந்தோ வந்து கீழ்ப்படியில் நிற்கும் பெண்ணுக்கும் கால் நடுங்கும்.

நெட்பால் ஆஸ்திரேலியா உடனே விதியைத் திருத்த வேண்டும். உரிமம் வாங்கும் கிளப் குறைந்தது பத்து ஆண்டுக்குக் கட்டுப்பட வேண்டும். இடையில் விட்டுப் போனால் திரும்பக் கிடைக்காத பிணைத்தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். விலகல் அறிவிப்பு ஒரு முழுப் பருவத்துக்கு முன்பே வீராங்கனைகளின் கையில் எழுத்தில் சேர வேண்டும். அதுவரை சம்பளமும் மருத்துவச் செலவும் கிளப்பின் பொறுப்பு.

காலிங்வுட்டும் செய்ய வேண்டிய கடன் ஒன்று உண்டு. அந்த ஏழு பருவங்களில் ஆடிய ஒவ்வொருவரையும் கிளப்பின் வாழ்நாள் உறுப்பினராக அறிவித்து, 1958, 1990 பட்டங்கள் நினைவுகூரப்படும் அதே கூரையின் கீழ் அவர்கள் பெயரையும் பொறிக்கட்டும்.