அசடு ஜெயிக்கும் நாள்

வாத்தியார்களுக்குப் பொல்லாத வழக்கம் ஒன்று உண்டு. ஜூன் மாதம் புது வகுப்பில் நுழைந்து ஒரு வாரம் ஆவதற்குள், பரீட்சை ஒன்றும் வைக்காமலே, ஒவ்வொரு பையனுக்கும் மனத்துக்குள் மார்க்குப் போட்டுவிடுவோம். இவன் கெட்டிக்காரன், அவன் மந்தம், கடைசிப் பெஞ்சில் இருக்கிறானே, அவன் அசடு. அப்புறம் மார்ச்சு மாதம் வரையில் நாம் பார்ப்பதெல்லாம் அந்த மார்க்கைத்தான், பையனை அல்ல. இருபது வருஷ காலமாக இந்தத் திருப்பணியைச் செவ்வனே செய்து வரும் நமக்கு, சென்ற கோடை விடுமுறையில் ஓர் அமெரிக்க ஹாஸ்ய நாடகம் நல்ல பாடம் கற்பித்தது. அதை நேயர்களுக்குச் சொல்வதே இந்த வாரத்து விஷயம்.

டெலிவிஷனில் தொடராக வந்த அந்த நாடகத்தின் பெயர் 'தி ஆபீஸ்.' அதன் மூலம் இங்கிலாந்தில் பிறந்தது. ரிக்கி ஜெர்வைஸ், ஸ்டீபன் மெர்ச்சன்ட் என்னும் இருவர் எழுதி, 2001-ம் வருஷத்தில் பி.பி.சி.யில் வெளியாயிற்று. அந்த நாற்றைப் பிடுங்கி அமெரிக்க வயலில் நட்டவர் கிரெக் டேனியல்ஸ். 2005-ம் வருஷம் மார்ச்சு 24-ந் தேதி என்.பி.சி.யில் தொடங்கிய இது, 2013-ம் வருஷம் மே 16-ந் தேதி முடிவடைவதற்குள் ஒன்பது பருவங்களும் 201 பகுதிகளுமாகப் பெருகிவிட்டது.

கதை நடக்கும் இடமோ வெகு சாதாரணமானது. பென்சில்வேனியா மாகாணத்தில் ஸ்க்ரான்டன் என்று ஓர் ஊர்; அங்கே காகிதம் விற்கும் டண்டர் மிஃப்ளின் என்னும் கற்பனைக் கம்பெனியின் கிளை ஆபீஸ். யாரோ சிலர் அந்த ஆபீஸைப் படம் பிடிக்க வந்தவர்கள் போலக் காமிரா ஜன்னல் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் எட்டிப் பார்க்கிறது. 'இங்கே சிரியுங்கள்' என்று நமக்கு ஞாபகப்படுத்தும் சிரிப்பொலி பின்னணியில் கிடையாது. எங்கே சிரிப்பது, எங்கே வெட்கப்படுவது என்பதை நாமே தீர்மானித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கிளை மானேஜர் மைக்கேல் ஸ்காட். ஸ்டீவ் கேரல் என்னும் நடிகர் இந்த வேஷத்தைத் தாங்கினார். மைக்கேலுக்கு ஒரே ஆசை: எல்லோரும் தம்மை விரும்ப வேண்டும். அந்த ஆசையினால் அவர் பேசக் கூடாததைப் பேசி, ஆடக் கூடாத ஆட்டமெல்லாம் ஆடுகிறார். இரண்டாவது பகுதியிலேயே, இன வேற்றுமைகளைப் பற்றி உத்தியோகஸ்தர்களுக்குப் பாடம் நடத்தப் புகுந்து, ஒரு பெண்ணிடம் கன்னத்தில் அறை வாங்கிக்கொள்கிறார். 'இத்தகைய அசடு எப்படி மானேஜர் ஆயிற்று?' என்று நாம் கேட்கிறோம். அதற்கு விடை 2005-ம் வருஷம் நவம்பரில் ஒளிபரப்பான 'தி கிளையன்ட்' என்ற பகுதியில் கிடைக்கிறது.

ஆட்குறைப்பு வருமோ என்று கிளையே நடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. லாக்கவானா ஜில்லா நிர்வாகத்துக்குக் காகிதம் விற்கும் ஒப்பந்தத்தைப் பேசி முடிக்க, தலைமை ஆபீஸிலிருந்து ஜேன் லெவின்சன் என்னும் அம்மையார் வருகிறார். கௌரவமான ஹோட்டலில் ஏற்பாடாகியிருந்த சந்திப்பை மைக்கேல் ஒரு ஜனரஞ்சகமான சாப்பாட்டுக் கடைக்கு மாற்றிவிடுகிறார். அங்கே போயாவது வியாபாரம் பேசினாரா? அதுதான் இல்லை. துணுக்குச் சொல்கிறார், பாடுகிறார். அம்மையார் விலைப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் குறுக்கே விழுந்து தடுக்கிறார். பொழுது சாய்ந்துவிடுகிறது. காரியம் கெட்டது என்று நாமும் அம்மையாரும் ஒருங்கே முடிவு கட்டிவிடுகிறோம்.

அப்போதுதான் மைக்கேலின் குரல் தணிகிறது. தாம் இந்த ஜில்லாவிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றும், இங்கே எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை பள்ளிக்கூடம் என்பது தமக்குத் தெரியும் என்றும் சொல்கிறார். குறைந்த விலைக்கு விற்கும் பெரிய கம்பெனிகள் உள்ளூர்க் கடைகள் மூடும் வரையில்தான் அந்த விலைக்கு விற்கும், பிறகு ஏற்றிவிடும் என்பதையும் நாலே வாக்கியத்தில் எடுத்து வைக்கிறார். ஒப்பந்தம் கைகூடுகிறது! மாலை முழுவதும் அவர் அடித்த கூத்து கூத்தல்ல, உழவு என்பது அம்மையாருக்கும் நமக்கும் அப்போதுதான் விளங்குகிறது. நிலம் பதமான பிறகே விதையைப் போட்டிருக்கிறார்.

கதை எழுதியவர்களின் சாமர்த்தியத்தை இன்னோர் இடத்திலும் காணலாம். மைக்கேல் இப்படி வெற்றி பெறும் அதே வேளையில், மைக்கேல் ரகசியமாக எழுதிவைத்திருந்த சினிமாக் கதை ஒன்று ஆபீஸில் இருப்பவர்கள் கையில் சிக்கிவிடுகிறது. அதை உரக்க வாசித்து வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். எந்த மனிதனைப் பார்த்து அவர்கள் சிரிக்கிறார்களோ, அவன்தான் அந்த நிமிஷத்தில் கம்பெனிக்குப் பெரிய வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்!

மைக்கேலின் மற்றொரு வெற்றி 2009-ம் வருஷம் ஏப்ரலில் வெளியான 'ப்ரோக்' என்ற பகுதியில் வருகிறது. பதினைந்து வருஷ உத்தியோகத்தை ரோஷத்தால் உதறிவிட்டு, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அலமாரி போன்ற அறையில், இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாகக் காகிதக் கம்பெனி தொடங்குகிறார். பழைய கம்பெனியின் வாடிக்கைக்காரர்களை இழுக்க விலையை அளவுக்கு மீறிக் குறைத்ததால், விற்க விற்க நஷ்டம். இனி ஒரு மாதம்கூடத் தாங்காது என்ற நிலைமையில், இது தெரியாத தலைமை ஆபீஸ் இந்தக் குட்டிக் கம்பெனியை விலைக்குக் கேட்கிறது. பன்னிரண்டாயிரம் டாலரில் தொடங்கிய பேச்சு அறுபதாயிரம் வரையில் ஏறுகிறது. மைக்கேல் பணம் வேண்டாம் என்கிறார். தமக்கும் தம்மை நம்பி வந்த இருவருக்கும் உத்தியோகம் வேண்டும் என்கிறார். 'உம்முடைய கம்பெனிக்கு மதிப்பே இல்லையே' என்று எதிரே இருக்கும் பெரிய அதிகாரி டேவிட் வாலஸ் மடக்குகிறார். அதை மைக்கேல் மறுக்கவே இல்லை. இந்தக் கம்பெனி போனால் நாளைக்கே இன்னொன்று தொடங்கலாம். ஆனால் பங்குதாரர் கூட்டம் நெருங்குகிறதே, நஷ்டத்துக்கு அங்கே பதில் சொல்ல வேண்டியவர் வாலஸ் அல்லவா என்கிறார். கையில் ஒன்றும் இல்லாதவன், தன்னிடம் ஒன்றும் இல்லை என்பதையே பலமாகக் கொண்டு சாதித்துவிட்டான்! மூவருக்கும் உத்தியோகம் கிடைத்தது.

நிற்க. வெற்றி என்பது மேஜைக்கு எதிரே இருப்பவரைத் தோற்கடிப்பது மாத்திரம் அல்ல. ஆபீஸ் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கும் பாம் பீஸ்லி என்ற பெண் வாய் திறந்து தனக்கென ஒன்று கேட்டறியாதவள். சித்திரம் பயில்கிறாள். 2007-ம் வருஷம் பிப்ரவரியில் வந்த 'பிஸினஸ் ஸ்கூல்' என்ற பகுதியில் அவளுடைய சித்திரங்கள் கண்காட்சிக்கு வைக்கப்படுகின்றன. ஆபீஸில் எல்லோரையும் அழைக்கிறாள். வந்தவர்களோ மிகச் சிலர். அவர்களில் ஒருவர் அவளுடைய படங்கள் விடுதிச் சுவரில் மாட்டும் தரத்தவை என்று பேசியதும் அவள் காதில் விழுகிறது. படங்களைக் கழற்றத் தொடங்கும்போது மைக்கேல் ஓடி வருகிறார். அன்றைக்கு அவரே வேறோரிடத்தில் பலர் முன்னிலையில் அவமானப்பட்டு வந்தவர். ஆபீஸ் கட்டடத்தை வரைந்த படத்துக்கு முன்னால் மலைத்து நின்று, அதில் தம் அறை ஜன்னலையும் தம் காரையும் கண்டுபிடித்துக் குழந்தை போல் மகிழ்கிறார். 'இதை எனக்கு விலைக்குக் கொடுப்பாயா?' என்கிறார். அந்த அசட்டு மனிதரைப் பாம் கட்டிக்கொள்ளும்போது, காண்பவர் தொண்டை அடைத்துக்கொள்கிறது. சித்திரத்தைப் பற்றி மைக்கேலுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் வந்து நிற்கத் தெரிந்தது. 2013-ல் நாடகம் முடியும் போது, சுவரிலிருந்து அந்தப் படத்தைப் பாம் எடுத்துக்கொண்டு புறப்படுவதுதான் கடைசிக் காட்சிகளில் ஒன்று.

2007-ம் வருஷம் மே மாதத்தில் 'பீச் கேம்ஸ்' என்ற பகுதி வந்தது. ஏரிக்கரையில் உல்லாசப் பயணம். மைக்கேல் தீமிதிக்கு ஏற்பாடு செய்துவிட்டு, தாமே மிதிக்கப் பயந்து நிற்கிறார். எல்லோரும் போய் உட்கார்ந்த பிறகு, யாரும் பார்க்காத சமயத்தில் பாம் தனியாகத் தணலின் மேல் நடந்துவிடுகிறாள். நடந்த வேகத்தில் வந்து, 'என் கண்காட்சிக்கு நீங்கள் ஏன் வரவில்லை?' என்று ஆபீஸ் முழுவதையும் பார்த்துக் கேட்கிறாள். கால் சுட்டதைக் காட்டிலும் அந்தக் கேள்விக்குத்தான் அதிகத் தைரியம் வேண்டியிருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி ட்வைட் ஷ்ரூட். விற்பனைக்காரர், பண்ணைக்காரர், எந்நேரமும் எதிரி படையெடுத்து வருவான் என்று மேஜைக்குள் ஆயுதங்களை ஒளித்து வைத்திருப்பவர். பக்கத்து மேஜை ஜிம் ஹால்பர்ட்டுக்கு இவரைச் சீண்டுவதே பொழுதுபோக்கு. 2007-ம் வருஷம் ஏப்ரலில் ஒரு முரடன் ஜிம்மை அடிக்கப் பாய்ந்து வருகிறான். மற்றவர்கள் திகைத்து நிற்க, ட்வைட் மிளகுத் திரவத்தைப் பீய்ச்சி அவனை மடக்கிவிடுகிறார். ஜிம் நன்றி சொல்ல வருகிறார், பரிசும் கொண்டுவருகிறார். ட்வைட் வாங்க மறுக்கிறார். கடமையைச் செய்ததற்குப் பரிசு எதற்கு என்பது அவர் கட்சி. அதே வருஷம் அக்டோபரில், கம்பெனி புதிதாகத் தொடங்கிய இணையதளத்தோடு போட்டி போட்டு, ஒரே நாளில் அதைவிட அதிகக் காகிதம் விற்றுக் காட்டுகிறார். நாள் முழுவதும் அந்தக் கம்ப்யூட்டரே பேசுவது போல் செய்தி அனுப்பி அவரைக் கேலி செய்துவந்த ஜிம்மும் பாமும், கடைசியில் அந்தக் கம்ப்யூட்டர் தோல்வியை ஒப்புக்கொள்வதாக ஒரு செய்தி அனுப்புகிறார்கள். கேலி செய்தவர்கள் தலை வணங்கும் அழகு அது.

இந்தக் காட்சிகள் எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. எந்தக் குணத்துக்காக ஒருவனைப் பார்த்துச் சிரித்தோமோ, அந்தக் குணமே அவனை ஜெயிக்க வைக்கிறது. எல்லோரும் தம்மை விரும்ப வேண்டும் என்று மைக்கேல் அலைவது ஆபீஸில் அசட்டுத்தனம். சாப்பாட்டு மேஜையில் அதுவே வித்தை. ட்வைட்டின் ஆயுதப் பைத்தியம் முந்நூறு நாள் வேடிக்கை. ஒரு நாள் காவல். அசட்டின் மேல் கடவுள் திடீரென்று புத்தியைப் பொழிந்தார் என்று கதை சொல்லவில்லை. வேர் ஒன்றேதான், அதைக் கிள்ளி எறிந்திருந்தால் கனியும் இல்லை.

ஜெயித்தவன் மறுநாளே திருந்திவிட்டதாகவும் காட்டவில்லை. அடுத்த வாரம் மைக்கேல் மறுபடியும் உளறுகிறார். பிறர் மனத்தை நோகடிக்கவும் செய்கிறார். எல்லோருக்கும் வெற்றி வாரி வழங்கவும் இல்லை. கணக்குப் பிரிவிலிருக்கும் மந்தபுத்திக் கெவின், சீட்டாட்டத்தில் தேசப் பிரசித்தமான பந்தயம் ஒன்றில் பரிசு வாங்கியவன் என்று தெரியவந்து நாம் வியப்பதற்குள், ஆடவே தெரியாத ஃபில்லிஸ் அம்மாளிடம் தோற்றுப்போகிறான்! வெற்றியை இப்படிச் சிக்கனமாக அளந்து கொடுத்ததனால்தான், அது வரும்போது நெஞ்சு நிறைகிறது.

இனி நம் கதைக்கு வருவோம். நம் பள்ளிக்கூடத்தில் ஒரு குமாஸ்தா இருந்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நம் ஆசிரியர் அறையில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். அந்தப் பெயரைச் சூட்டியது யார் என்று கேட்காதீர்கள்.

ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தகப்பனார் வந்தார். மகளுக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது, டி.சி. கொடுங்கள் என்றார். நாம் விடுவோமா? பதினெட்டு வயசுச் சட்டத்தை எடுத்துச் சொன்னோம். பெண் கல்வியின் பெருமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவருடைய முகம் ஒரு படி இறுகிற்று. முடிவில், "டி.சி.யைக் கொடுங்க ஸார்" என்றார்.

குமாஸ்தா குறுக்கே வந்து, "வெயிலிலே வந்திருக்கீங்க, மோர் சாப்பிடுங்க அண்ணாச்சி" என்று தம் அறைக்கு அழைத்துப் போனார். பிறகு ரேடியோ பாட ஆரம்பித்தது. மழை, எருமை, புண்ணாக்கு விலை, இன்னும் என்னென்னவோ! பக்கத்து அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த நாம் பல்லைக் கடித்தோம். ஒரு பெண்ணின் வாழ்வு தொங்கிக்கொண்டிருக்கையில் எருமைப் பேச்சா? ஒன்றரை மணி நேரம் சென்ற பிறகு குமாஸ்தா கேட்டார்: "ஆமாம், பால் சொஸைட்டிக் கணக்கையெல்லாம் வீட்டிலே யார் எழுதறது?"

"மகள்தான். ஒரு காசு பிசகாது" என்றார் தகப்பனார். அவர் குரலில் பெருமை தெரிந்தது.

"அப்படிப்பட்ட பிள்ளையை இப்பவே அனுப்பிட்டு என்ன பண்ணப்போறீங்க? பத்தாவது எழுதட்டும். கணக்கும் ஒழுங்கா இருக்கும்."

தகப்பனார் வெகு நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அந்தப் பெண் பத்தாவது தேறினாள். பிளஸ் டூவும் நம்மிடமே படித்தாள்.

குமாஸ்தா ஓய்வு பெற்ற போது உபசாரக் கூட்டத்தில் நாமும் பேசினோம். ரேடியோவைப் பற்றி ஒரு வேடிக்கை சொன்னோம். சபை சிரித்தது, அவரும் சிரித்தார். எருமைக் கதையை மாத்திரம் சொல்லாமல் விட்டுவிட்டோம். அன்று அது நம் நினைவுக்கே வரவில்லை என்பதுதான் உண்மை, வெட்கப்படவேண்டிய உண்மை.

அவர் இப்போது அடுத்த தெருவில்தான் குடியிருக்கிறார். இந்த இதழ் கைக்கு வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவதாக இருக்கிறோம். திரும்பி வர எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குத் தயாராகவே போகிறோம்.